சாவி யாரிடம் இருக்க வேண்டும்? லேப்டாப் கோப்புகளைக் குறியாக்கம் செய்யும் வழிகள், ஓர் ஒப்பீடு

சித்தப்பா இறந்து ஒரு மாதம் கழித்துச் சித்தி அவருடைய லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. உள்ளே காப்பீட்டுத் தாள்கள், வங்கி விவரங்கள், இருபது வருடப் படங்கள். ஒரு பென் டிரைவில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்தேன். விண்டோஸ் கடவுச்சொல்லை ஒரு முறைகூட யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் எல்லா ஃபோல்டர்களும் திரையில் வந்துவிட்டன. சித்தி அழுதுகொண்டே படங்களைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இதை எவனாவது திருடிட்டுப் போயிருந்தா அவனும் இப்படித்தான் எடுத்திருப்பானா?"

ஆமாம் என்றேன்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நண்பர் வந்தார். லேப்டாப்பில் ஏதோ அப்டேட் ஓடி முடிந்ததும் நீலத் திரை வந்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிட்டது. "நான் எதையும் லாக் பண்ணவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். லேப்டாப் புதிதாக வந்த அன்றே, அவருக்குத் தெரியாமல், வட்டு, அதாவது கோப்புகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க், தானாகப் பூட்டப்பட்டிருந்தது. சாவி யாரோ அன்று அவசரமாகத் தொடங்கிக் கொடுத்த ஒரு மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் எவரிடமும் இல்லை. நாலு வருட ஆய்வுத் தரவு உள்ளே. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாராலும் முடியாது, அதுதான் அந்தப் பூட்டின் வேலை.

லேப்டாப்பில் இருக்கும் முக்கியமான கோப்புகளைக் குறியாக்கம் செய்யலாமா, அதாவது 'என்கிரிப்ட்' செய்யலாமா என்று யாராவது கேட்டால், எனக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றாக நினைவுக்கு வருவார்கள். தகவல் பிறர் கைக்குப் போவது ஒரு இழப்பு. அதே தகவல் நம் கைக்கே வராமல் போவது இன்னொரு இழப்பு. உங்களுக்கு இரண்டில் எது பெரியது என்பதைப் பொறுத்துத்தான் கீழே வரும் வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும்.

கடவுச்சொல் போட்டிருக்கிறேனே, போதாதா?

போதாது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்கும் கடவுச்சொல், வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. வாசல் வழியாக வருபவரை மட்டும்தான் அவர் நிறுத்துவார். கொல்லைப்புறத்தில் சுவரே இல்லை. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினாலோ, நான் செய்ததுபோல வேறொரு இயங்குதளத்திலிருந்து பூட் செய்தாலோ, கோப்புகள் எழுதப்பட்ட வடிவத்திலேயே அப்படியே கிடக்கும்.

குறியாக்கம் அந்த வடிவத்தையே மாற்றிவிடுகிறது. வட்டில் எழுதப்படுவது சாவி இல்லாதவருக்கு வெறும் இரைச்சல். இன்று பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது ஏஇஎஸ் என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் வடிவமைத்தது. 2001-ல் அமெரிக்க அரசு தரநிலையாக ஏற்றுக்கொண்டது. கால் நூற்றாண்டாக உலகமே முட்டிப் பார்த்தும், ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்ட ஏஇஎஸ்ஸை நடைமுறையில் உடைக்கும் வழி வெளிவரவில்லை. உடைவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவைதான்: எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், திறந்தபடி தூங்கவிட்ட லேப்டாப், சாவியை வைத்த இடம்.

"என் கோப்புகளை யார் தேடப்போகிறார்கள்?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஆபத்து எப்போதும் நம்மைக் குறிவைத்து வருவதில்லை. 2006 மே மாதம் அமெரிக்காவில், முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் ஒரு லேப்டாப்பும் வெளிவட்டும் திருடுபோயின. குறியாக்கம் செய்யப்படாத அந்த வட்டில் சுமார் 2.65 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் இருந்தன. அடுத்த மாதமே பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது, தரவு பார்க்கப்பட்டதற்கான தடயமும் இல்லை. இருந்தும் அந்த வழக்கு 2009-ல் 2 கோடி டாலர் இழப்பீட்டில்தான் முடிந்தது. அந்தத் திருட்டுக்கு அடுத்த ஆண்டு, 2007-ல், பிரிட்டனின் வரித்துறை 2.5 கோடிப் பேரின் விவரம் அடங்கிய இரண்டு குறுந்தகடுகளை அஞ்சலில் தொலைத்தது. அவற்றுக்குக் கடவுச்சொல் இருந்தது, குறியாக்கம் இல்லை.

திருட்டைவிட அமைதியாக நடக்கும் இன்னொன்றும் உண்டு. பழைய வட்டை விற்பது. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 158 பழைய வட்டுகளை வாங்கி ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129-ல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள். விற்றவர்களில் பலர் 'அழித்துவிட்டோம்' என்று நம்பித்தான் விற்றிருப்பார்கள்.

முதல் வழி: ஒன்றும் செய்யாமல் விடுவது

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத கணினி, உள்ளே படங்களும் பாட்டும் மட்டும், வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவது, பேக்கப் கிடையாது. இந்த நிலையில் குறியாக்கத்தால் கிடைக்கும் நன்மையைவிட, சாவியைத் தொலைத்து எல்லாவற்றையும் இழக்கும் வாய்ப்புதான் அதிகம். சித்தப்பாவின் படங்கள் சித்திக்குக் கிடைத்தது, அவர் ஒன்றும் செய்யாமல் விட்டதால்தான்.

ஆனால் இந்த வழியைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அடையாள அட்டை நகல்கள், வருமான வரிக் கோப்புகள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெறும் படப்பெட்டி இல்லை. முக்கியமாக, பிறர் நம்பி ஒப்படைத்த தகவல், அதாவது நோயாளிகளின் விவரம், வழக்கறிஞரிடம் வரும் கட்சிக்காரர்களின் ஆவணம், மாணவர்களின் மதிப்பெண், உங்கள் லேப்டாப்பில் இருந்தால் இந்த வழி உங்களுக்குத் திறந்தே இல்லை. பணயம் வைக்கப்படுவது உங்கள் பொருள் அல்ல.

இரண்டாம் வழி: முழு வட்டையும் பூட்டுவது

என் தீர்ப்பை ஒளித்து வைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: லேப்டாப்பை வெளியே எடுத்துச் செல்லும் பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான அடித்தளம். மற்ற வழிகள் இதன் மேல் வைக்கும் கூடுதல் பூட்டுகள்.

காரணம், எது முக்கியமான கோப்பு என்று தினமும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. எல்லாமே பூட்டுக்குள். ஒரு கோப்பை மட்டும் பூட்டும்போது, அதன் நிழல்கள் வெளியே விழுந்து கிடக்கும்: வேர்டு தானாகச் சேமிக்கும் தற்காலிகப் பிரதிகள், படங்களின் சிறுவடிவங்கள், நினைவகம் நிரம்பும்போது வட்டில் எழுதப்படும் பக்கக் கோப்பு, ஹைபர்னேட் செய்யும்போது முழு நினைவகமும் கொட்டப்படும் கோப்பு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மறந்துபோன அதே பிடிஎஃப். முழு வட்டு பூட்டப்பட்டிருந்தால் இந்த நிழல்களும் உள்ளேயே அடங்கிவிடும்.

விண்டோஸில் இதன் பெயர் பிட்லாக்கர். விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. ப்ரோ பதிப்பிலும் அதற்கு மேலும் முழுமையாகக் கிடைக்கும். ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற எளிய வடிவம். 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், இது பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே 'செய்யலாமா வேண்டாமா' என்று யோசிக்கும் முன், ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். என் நண்பர் அதைப் பார்க்காததால் வந்த வினைதான் மேலே சொன்னது.

மேக்கில் ஃபைல்வால்ட். 2003-ல் ஹோம் ஃபோல்டரை மட்டும் பூட்டுவதாக வந்து, 2011-ல் முழு வட்டுக்கும் விரிந்தது. ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள இன்றைய மேக்குகளில் வட்டு எப்போதும் குறியாக்கத்திலேயே இருக்கும். ஃபைல்வால்ட்டை இயக்கும்போது சாவி உங்கள் கடவுச்சொல்லோடு பிணைக்கப்படுகிறது. அதனால் இயக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மேக் வைத்திருப்பவர் இதை இயக்காமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

லினக்ஸில் லக்ஸ். நிறுவும்போதே ஒரு பெட்டியை டிக் செய்தால் முடிந்தது. பிறகு சேர்ப்பது தலைவலி. லக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், ஒரே வட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை வைக்கலாம் என்பது. உங்களுடையது ஒன்று, உறையில் போட்டு ஒட்டி வீட்டில் கொடுத்து வைப்பது ஒன்று. கவனிக்க வேண்டியது வட்டின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்புப் பகுதி. சாவித் தகவல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது சிதைந்தால் சரியான கடவுச்சொல் இருந்தும் பயனில்லை. அதற்கு மட்டும் தனியாக ஒரு பிரதி எடுத்து வெளியே வையுங்கள்.

வேகம் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2010 வாக்கிலிருந்து வரத்தொடங்கிய செயலிகளில் ஏஇஎஸ் கணக்கைப் போடுவதற்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. மிக வேகமான எஸ்எஸ்டிகளில், அதாவது சுழலும் தட்டு இல்லாத சில்லு வட்டுகளில், அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். எழுதுவது, உலாவுவது, படம் பார்ப்பது ஆகிய அன்றாட வேலைகளில் உணர முடியாது. பத்துப் பதினைந்து வருடப் பழைய கணினி என்றால் மட்டும் யோசியுங்கள்.

வேகத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களைப் பற்றி.

ஒன்று, பூட்டு எந்தக் கணத்தில் திறக்கிறது என்பது. பிட்லாக்கரின் வழக்கமான அமைப்பில், மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லு, கணினி தொடங்கும்போதே சாவியைத் தானாகக் கொடுத்துவிடும். உங்களிடம் எதுவும் கேட்காது. வட்டைக் கழற்றி எடுத்துப் போனவருக்கு ஒன்றும் கிடைக்காது. லேப்டாப்பையே எடுத்துப் போனவருக்கு விண்டோஸ் நுழைவுத் திரை வரைக்கும் வழி திறந்திருக்கும். டிபிஎம் தனிச் சில்லாக இருக்கும் ஒரு பழைய லேப்டாப்பில், அது செயலிக்குச் சாவியை அனுப்பும் கம்பியையே ஒட்டுக்கேட்டு, ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற மலிவான சிறு மின்னணுப் பலகையால் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார் ஓர் ஆய்வாளர். இது 2024 தொடக்கத்தில். செயலிக்குள்ளேயே டிபிஎம் அடங்கிய புதிய கணினிகளில் அந்தக் கம்பியே வெளியில் இல்லை. பொதுவான தீர்வு, தொடங்கும் முன்பே ஒரு பின் எண் கேட்கும்படி அமைப்பது. ப்ரோ பதிப்பில் அது முடியும். சாதாரணத் திருடனுக்கு இவ்வளவு தேவையில்லை; வழக்கறிஞர், பத்திரிகையாளர் போன்றவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும்.

இதோடு சேர்ந்தது தூக்க நிலை. மூடியைச் சாய்த்துப் பைக்குள் வைத்த லேப்டாப் அணைந்துவிடவில்லை. சாவி நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நினைவகச் சில்லுகளைக் குளிரவைத்தால் மின்சாரம் போன பிறகும் உள்ளடக்கம் சில நிமிடங்கள் தங்குவதைக் காட்டி, அதிலிருந்து குறியாக்கச் சாவிகளையே எடுத்தார்கள். பயணத்தின்போது ஷட்டவுன் செய்துவிடுங்கள். முப்பது வினாடி அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

இரண்டாவது கவலை மீட்புச் சாவி. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் அப்டேட், மதர்போர்டு மாற்றம், சில நேரம் ஒரு தவறான மென்பொருள் அப்டேட் கூட அந்த 48 இலக்கங்களைக் கேட்க வைத்துவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, அவற்றைச் சேஃப் மோடில் திறந்து சரிசெய்ய, பிட்லாக்கர் போட்ட கணினி ஒவ்வொன்றுக்கும் அதன் மீட்புச் சாவியைத் தேட வேண்டியிருந்தது. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது பாதி ஆறுதல்தான். அந்தக் கணக்கே பூட்டிக்கொண்டால் அது இருந்தும் இல்லாததுதான். தவிர, நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் சாவியைச் சட்டப்படியான ஆணையின் பேரில் அந்த நிறுவனம் கொடுக்க நேரலாம். அது உங்களுக்குப் பொருட்டா இல்லையா என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. எனக்கு, தாளில் ஒரு பிரதி இல்லாத மீட்புச் சாவி சாவியே இல்லை.

ஒரு சிறு இடைக்குறிப்பு. சில எஸ்எஸ்டிகள் 'குறியாக்கம் உள்ளேயே இருக்கிறது' என்ற விளம்பரத்தோடு வருகின்றன. 2018-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெயர்பெற்ற சில மாடல்களில் கடவுச்சொல் தெரியாமலேயே தரவை எடுக்க முடிவதைக் காட்டினார்கள். அதுவரை அத்தகைய வட்டுகளை நம்பி வேலையை அவற்றிடமே விட்டுக்கொண்டிருந்த பிட்லாக்கர், 2019-லிருந்து தானே குறியாக்கம் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

மூன்றாம் வழி: லேப்டாப்புக்குள் ஒரு பெட்டகம்

முழு வட்டை விட்டுவிட்டு, ஒரு பெரிய கோப்பையே பூட்டிய பெட்டியாக்கி, தேவைப்படும்போது மட்டும் ஒரு தனி டிரைவ்போலத் திறந்துகொள்வது. இதற்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைத்தான் அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள். அதன் முன்னோடி ட்ரூகிரிப்ட், 2014 மே மாதம் 'இது பாதுகாப்பானது அல்ல' என்று தன் தளத்திலேயே அறிவித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தப்பட்டது. பலர் பயந்துபோனார்கள். ஆனால் 2015-ல் முடிந்த வெளித் தணிக்கையில், வேண்டுமென்றே வைத்த திருட்டு வழி எதுவும் அகப்படவில்லை. பிழைகள் சில இருந்தன. அந்தக் குறிமுறையை எடுத்துப் பிழை திருத்தி வளர்த்ததுதான் வெராகிரிப்ட்.

பெட்டகம் எங்கே முழு வட்டை விடச் சிறந்தது? லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது. முழு வட்டுக் குறியாக்கம் நீங்கள் உள்ளே நுழைந்ததும் முழுதாகத் திறந்துவிடும். அப்புறம் வீட்டில் யாராவது உட்கார்ந்து பார்த்தாலும் எல்லாம் தெரியும். பெட்டகம், நீங்கள் திறக்கும் அந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் திறந்திருக்கும். குடும்பத்தோடு பகிரும் லேப்டாப்பில் இது பெரிய வேறுபாடு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதே பெட்டகத்தைத் திறக்கலாம் என்பதும் வசதி. பென் டிரைவில் போட்டு எடுத்துச் செல்லவும் தோதானது.

குறைகளும் உண்டு. மேலே சொன்ன நிழல்கள் எல்லாம் பெட்டகத்துக்கு வெளியேதான் விழும். ஏற்கெனவே வட்டில் இருந்த கோப்பைப் பெட்டகத்துக்கு நகர்த்தி, பழையதை அழித்தால், எஸ்எஸ்டியில் அந்தப் பழைய தரவு உடனே மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது; எஸ்எஸ்டி எதை எங்கே எழுதுகிறது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அதனால், முக்கியமான கோப்பைத் தொடக்கத்திலிருந்தே பெட்டகத்துக்குள் உருவாக்குவது நல்லது.

அனுபவத்தில் கற்ற ஒன்று: பெட்டகத்துக்குள் எதை மாற்றினாலும் வெளியே அந்தப் பெரிய கோப்பின் தேதியை மாற்றாமல் வைத்திருப்பது வெராகிரிப்ட்டின் வழக்கம். இரகசியம் காக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் தேதியைப் பார்த்து இயங்கும் பேக்கப் மென்பொருள், 'மாறவே இல்லை' என்று அதைத் தாண்டிப் போய்விடும். மாதக்கணக்கில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பதோ முதல் நாள் பிரதி. செட்டிங்ஸில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான்காம் வழி: ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் பூட்டு

ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பவோ பென் டிரைவில் கொடுக்கவோ இது போதும். லேப்டாப்பில் நிரந்தரமாக வைக்க இதை நம்பச் சொல்ல மாட்டேன்.

கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் மென்பொருளில் 7இசட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டியை டிக் செய்தால் ஏஇஎஸ்-256 கிடைக்கும், திடமானது. பழைய ஜிப் வடிவத்தின் சொந்தக் கடவுச்சொல் முறை 1994-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பல மென்பொருள்கள் இன்னும் அதையே முதலில் நீட்டுகின்றன. வேர்டு, எக்செல் கோப்புகளில் 2007 பதிப்பிலிருந்து வந்த வடிவங்களுக்குத் திறப்புக் கடவுச்சொல் போட்டால் உண்மையான குறியாக்கம் நடக்கிறது, அதற்கு முந்தைய .டாக், .எக்ஸ்எல்எஸ் வடிவங்களில் அது பெயரளவுக்குத்தான். பிடிஎஃப்பில் 'அச்சிடக் கூடாது, திருத்தக் கூடாது' என்று போடும் பூட்டு பூட்டே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், திறந்து படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி எங்கேயாவது தற்காலிக ஃபோல்டரில் விழுகிறது. மாலைக்குள் மறந்துவிடுவோம்.

விண்டோஸ் ப்ரோவில் ஃபோல்டரின் பண்புகளுக்குள் போய் டிக் செய்யும் இஎஃப்எஸ் என்ற பழைய முறையும் உண்டு. அதன் சாவி உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது. வேறொருவர் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை வலிந்து மாற்றினால் கோப்புகள் திறக்காது. விண்டோஸின் பழைய பதிப்புகளில், சாதாரணப் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் பூட்டு இல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடும். பாதுகாக்க வேண்டிய இடத்தில் கைவிட்டு, திறக்க வேண்டிய இடத்தில் பிடிவாதம் பிடிக்கும் ஏற்பாடு. வேண்டாம்.

மேகத்தில், அதாவது 'கிளவுட்' சேமிப்பில் வைத்தால்?

லேப்டாப் தொலைந்தால் கோப்பு போகாது, சரி. ஆனால் கூகுள் ட்ரைவ், ட்ராப்பாக்ஸ் போன்றவற்றின் ஒத்திசைவு ஃபோல்டர் லேப்டாப்பிலும் திறந்தே கிடக்கும், சேவை நிறுவனமும் படிக்க முடிந்த நிலையில் வைத்திருக்கும். கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருள் இதற்கென்றே வந்தது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, பெயரோடு சேர்த்துப் பூட்டி மேகத்துக்கு அனுப்பும். ஒரு வரி மாற்றினால் அந்தக் கோப்பு மட்டும்தான் மீண்டும் ஏறும். வெராகிரிப்ட் பெட்டகத்தைப் போலப் பெரிய கட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. எத்தனை கோப்புகள், ஏறக்குறைய எவ்வளவு பெரியவை என்பது மட்டும் வெளியே தெரியும். மேகத்தைப் பயன்படுத்துபவர், முழு வட்டுப் பூட்டோடு இதையும் சேர்த்துக்கொண்டால் நல்ல இணை.

பூட்டு காக்காத இடங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் நம்பிக்கை விற்றதாகிவிடும். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்த தீநிரல், நீங்கள் பார்ப்பதையெல்லாம் பார்க்கும். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர், ஏற்கெனவே பூட்டிய கோப்பின் மேலும் தன் பூட்டைப் போடும். போலி இணைப்பைச் சொடுக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எந்தக் குறியாக்கமும் குறுக்கே வராது. வட்டு பழுதானால், பூட்டிய வட்டிலிருந்து மீட்பது திறந்த வட்டிலிருந்து மீட்பதைவிடக் கடினம். ஆகவே பேக்கப் இல்லாதவர் இன்று குறியாக்கத்தை இயக்க வேண்டாம். முதலில் ஒரு வெளிவட்டை வாங்கிப் பேக்கப் எடுங்கள். அந்த வெளிவட்டையும் பூட்டுங்கள். லேப்டாப்பைப் பூட்டிவிட்டுப் பேக்கப்பைத் திறந்து போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாவியைப் பற்றி

வெராகிரிப்ட், லக்ஸ் போன்றவற்றில் கடவுச்சொல்தான் முழுச் சுவரும். வட்டைக் கைப்பற்றியவர் தன் இடத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், கோடிக்கணக்கில் முயன்று பார்க்கலாம். பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த கடவுச்சொல் ஒரு நாளுக்குக்கூடத் தாங்காது. ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-ல் சொன்ன டைஸ்வேர் முறை இன்றும் நான் பரிந்துரைப்பது: பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து ஒரு சொல், இப்படி ஆறு சொற்கள். தேர்வைப் பகடை செய்வதால், உங்களை நன்றாகத் தெரிந்தவராலும் ஊகிக்க முடியாது. தமிழ்ச் சொற்களை வைக்க ஆசைப்பட்டால் ஆங்கில எழுத்தில் வையுங்கள். பூட் ஆகும் முன் வரும் திரைகள் தமிழ் விசைப்பலகையை அறியாது. பிடித்த பாட்டு வரியும் பழமொழியும் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு நினைவிருப்பது ஊருக்கே நினைவிருக்கும்.

சாவி தொலைவது கற்பனை ஆபத்து அல்ல. 7,002 பிட்காயின்களின் சாவியைக் குறியாக்கம் செய்த ஒரு பென் டிரைவில் வைத்துவிட்டு, அதன் கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்த ஒரு கணினி வல்லுநரைப் பற்றி 2021-ல் செய்தி வந்தது. பத்து முறை தவறினால் அந்தக் கருவி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை அவர் தவறியிருந்தார். தொழில்நுட்பம் தெரிந்தவருக்கே இந்த நிலை.

தாளில் எழுதி வைப்பது பாதுகாப்பு இல்லையே என்பார்கள். லேப்டாப் பையிலேயே வைத்தால் இல்லைதான். பீரோவில், மற்ற முக்கியப் பத்திரங்களோடு வைத்தால், லேப்டாப்பைப் பயணத்தில் பறிப்பவனுக்கு அது எட்டாது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு எட்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் தொழில்நுட்பக் குறிப்புகள் பெரும்பாலும் எழுதாமல் விடுகின்றன. நான் சித்தியின் முகத்தைப் பார்த்த பிறகு அதை விட முடியவில்லை.

அப்படியானால் யாருக்கு எது?

வெளியே எடுத்துச் செல்லும் சொந்த லேப்டாப்: முழு வட்டுப் பூட்டு, தாளில் மீட்புச் சாவி, பூட்டிய பேக்கப். வேறொன்றும் வேண்டாம். பிறர் தகவலைக் கையாளும் தொழில் என்றால், இதோடு தொடக்கப் பின் எண்ணும், பயணத்தில் ஷட்டவுன் செய்யும் பழக்கமும். குடும்பமே பயன்படுத்தும் லேப்டாப் என்றால், முழு வட்டுப் பூட்டுக்குள் உங்களுக்கென்று ஒரு பெட்டகம். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் நீங்களாக எதையும் இயக்காதீர்கள். அங்குள்ள கணினிப் பிரிவைக் கேளுங்கள், சாவி அவர்களிடம்தான் இருக்க வேண்டும். விற்கப்போகும் லேப்டாப் என்றால், முதல் நாளிலிருந்தே பூட்டியிருந்த வட்டுக்கு ஒரு தனி நன்மை உண்டு: சாவியை அழித்தாலே உள்ளே இருப்பது அத்தனையும் இரைச்சல்தான்.

சித்தி இப்போது புது லேப்டாப் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகளின் படங்கள், ஓய்வூதியக் கோப்புகள், சித்தப்பாவின் பழைய படங்கள் எல்லாம் அதில். பேக்கப் எடுத்த பிறகுதான் பூட்டை இயக்கினோம். 48 இலக்கங்களையும் ஆறு ஆறாகப் பிரித்து அவர் தன் கையெழுத்தில் எழுதினார். நான் வேண்டுமென்றே மீட்புத் திரையை வரவைத்து, "இப்போ நீங்களே திறங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அடித்தார். முதல் முறை திறக்கவில்லை. ஓரிடத்தில் 1 என்று எழுதியது 7 போல இருந்தது. அதைத் திருத்தி எழுதி, இன்னொரு முறை முழுதாக அடித்துத் திறந்த பிறகுதான் தாளை உறைக்குள் வைத்து மகளிடம் கொடுத்தார்.